மடித்துப் பையில் வைத்த மோட்டார் சைக்கிள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் ஒரு முழு மோட்டார் சைக்கிளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, துருப்பிடித்த சைக்கிளை மிதித்து வேலைக்கு வந்த மனிதர் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை செய்கிறவர்.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கும் உண்டு. அதைச் சம்பளத்தன்று மட்டும் பாவிப்பார். மற்ற நாட்களில் துறைமுக வாசலிலிருந்து உப்புவெளி வரைக்கும் அவர் வில்லுக்கத்தியார்தான். வில்லுக்கத்தி என்றால் மடக்கிப் பையில் போடுகிற சின்னக் கத்தி. அவருடையதும் சின்னதுதான். மடித்தால் ஒரு விரல் நீளம், விரித்தால் இரண்டு விரல் நீளம். விலைதான் பெரிது. மோட்டார் சைக்கிள் வாங்கவென்று வருடக்கணக்காய்ச் சேர்த்த காசை, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மனைவியின் தமக்கை மகன் மூலமாக அந்த ஒரு கத்தியாக மாற்றிக்கொண்டவர் அவர். “குடும்பமே ஏறிப் போக வேண்டிய காசு, இப்ப ஒராளின்ர பொக்கற்றுக்குள்ள மடிஞ்சு படுத்திருக்குது” என்று அவருடைய மனைவி ஊர் முழுக்கச் சொல்லித்தான் அந்தப் பகிடி பிறந்தது.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகச் சிரிக்க வைக்கத்தான் எழுதுவேன். இந்தக் கிழமையும் அந்த எண்ணத்தோடுதான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ஆனால் பக்கத்து அறையில் என் மகள் ஆரணி நடக்கிற சத்தம் நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது. எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவளுடைய இடது கணுக்காலைச் சுற்றிக் கயிறு இறுக்கிய தடம் இன்னும் மங்கவில்லை. அந்தக் கால் அவளிடம் மிஞ்சியது அந்தக் கத்தியாலா, அந்தக் கிறுக்கராலா என்று இன்றைக்கு வரைக்கும் எங்கள் கந்தோரில் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் கந்தோர் துறைமுக வீதியில் இருக்கிறது. நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு வெங்காயம், மரக்கறி, குடிதண்ணீர், சவர்க்காரம் என்று வேண்டிய சாமான்களைப் போட்டில், அதாவது சின்ன எஞ்சின் படகில், கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். நான் கணக்குப் பார்க்கிறவள். வில்லுக்கத்தியார் சாமான்களைச் சரிபார்த்து ஏற்றுகிறவர். கயிறு, சாக்கு, பெட்டி என்று காலை முதல் மாலைவரை வெட்டிப் பிரிக்கிற வேலை. அப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டு, அத்தனை விலைக்குக் கத்தி வாங்கியவர் அதால் எதை வெட்டினார் என்று கேட்பீர்கள். எதையும் வெட்டவில்லை.

வெங்காயச் சாக்கு அவிழ்க்க வேண்டுமென்றால் என்னிடம் வந்து கத்தரிக்கோல் கேட்பார். பெட்டியில் ஒட்டின ரேப்பைப் பல்லால் கடிப்பார். ஒருமுறை முதலாளியின் பிறந்தநாளுக்குக் கேக் வந்தது, வெட்டக் கத்தி வரவில்லை. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். முதலாளியும் பார்த்தார். அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு பின்னால் ஒரு அடி வைத்தார்.

“ஐசிங் சீனி பிள்ளை,” என்றார் என்னிடம் இரகசியமாக. “மடிப்புக்குள்ள போச்செண்டால் எறும்பு குடியேறும்.”

கேக்கை அடிமட்டத்தால் வெட்டினோம். முதலாளியின் துண்டில் அங்குலக் கோடுகூட விழுந்திருந்தது.

அந்தக் கத்தியால் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். காலையில் வந்ததும் கண்ணாடி துடைக்கிற துணியிலிருந்து அதை எடுப்பார். பெருவிரலால் ஒரு தட்டு. ‘டக்’ என்று அலகு நிமிர்ந்து நிற்கும். காதுக்குப் பக்கத்தில் பிடித்துத் தலையைச் சரித்துக் கேட்பார், டாக்டர் நெஞ்சுச் சத்தம் கேட்கிற மாதிரி. பிறகு “இருக்குது” என்று சொல்லி மடித்து வைப்பார். என்ன இருக்கிறது என்று புதிதாய் வந்தவர்கள் கேட்டால் தொலைந்தார்கள். தேத்தண்ணீர் ஆறி, அதில் ஆடை படியும்வரை கதை ஓடும்.

“விலை அலகுக்கில்லை. எல்லாக் கத்தியும் வெட்டத்தான் செய்யும். விலை பூட்டுக்கு. அமத்தேக்க மடிஞ்சு உங்கட விரலிலயே விழாமல் நிக்குது பாருங்கோ, அதுக்குத்தான் காசு.”

எனக்கு அந்த ‘டக்’ சத்தமே ஆகாது. நான் பயந்த தாய் என்பது கந்தோர் முழுக்கத் தெரிந்த விஷயம். மகள் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறினால், இறங்கிவிட்டேன் என்று தகவல் வரும்வரை நான் மூச்சை அரைவாசிதான் விடுவேன். அலகு என்ற ஒன்று விரிந்து நிற்கிற அறையில் என்னால் கூட்டல்கூட ஒழுங்காகப் போட ஏலாது. அதனாலேயே அந்தக் கத்திக்கு நான் முதல் எதிரி. இவ்வளவு விலை கொடுத்துப் பயத்தை வாங்குவானேன் என்பது என் கட்சி.

கத்தியைவிடப் பெரிய கிறுக்கு ஒன்றும் அவரிடம் இருந்தது. கூரான எதையும் அவர் ஒருவர் கையிலும் நேரே கொடுக்க மாட்டார். வெட்டுகிற பொருளைக் கைக்குக் கை மாற்றினால் பகை வரும் என்று எங்கள் வீடுகளிலும் சொல்வார்கள்தான். அவர் அதைச் சட்டமாகவே ஆக்கி வைத்திருந்தார். கத்தரிக்கோலைத் திருப்பித் தரும்போது மேசையில் வைப்பார், கையை எடுப்பார், முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார், பிறகுதான் “எடுங்கோ” என்பார். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். அவருடைய அண்ணர் ஒருநாள் தங்கச்சியின் கையில் பாக்குவெட்டியை நேரே நீட்டினாராம். அன்றைக்குத் தொடங்கின காணிச் சண்டை இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இந்தச் சட்டம் ஒருநாள் துறைமுக வாசலில் எங்கள் எல்லோரையும் மாட்டிவிடப் பார்த்தது. சாமான் பிரிக்கிறவர்கள் கத்தி கொண்டுபோகலாம், வாசலில் காட்டினால் சரி. அன்றைக்குக் காவலுக்கு நின்றவர் புதியவர். பையிலுள்ளதைத் தரும்படி கையை நீட்டினார். வில்லுக்கத்தியார் கத்தியை எடுத்துப் பக்கத்துச் சுவர்க்கட்டில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காவலர் மறுபடியும் உள்ளங்கையைக் காட்டினார். இவர் தலையாட்டினார். கையில் தா என்று அவர் சிங்களத்தில் சத்தம் வைத்தார். “கையில ஏலாது,” என்று இவர் தமிழில் பணிவாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் முகத்தையும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கத்தி வைத்திருக்கிறவர் கட்டளைக்குப் பணியாமல் முகத்தைத் திருப்பினால் யாராயிருந்தாலும் என்ன நினைப்பார்கள்? காவலரின் தோளிலிருந்த துவக்கு கைக்கு வந்தது. என் கையிலிருந்த சாப்பாட்டுப் பார்சலின் சூடு மட்டும் எனக்குத் தெரிந்தது.

உள்ளேயிருந்து வயதான காவலர் ஒருவர் எட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த கத்தியையும், திரும்பி நின்ற முகத்தையும் கண்டதும் சிரித்துவிட்டார். தன்னுடைய அம்மாவும் இப்படித்தான், பாக்குவெட்டியைப் பாயில் வைத்துத்தான் கொடுப்பா என்று மற்றவருக்குச் சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்துப் பார்த்து, திரும்ப அதே சுவரில் வைத்தார். எங்கள் வரிசை நகர்ந்தது. வில்லுக்கத்தியார் ஒன்றுமே நடக்காத மாதிரிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“ஒருநாளைக்கு இந்தக் கிறுக்காலதான் அண்ணை உங்களுக்கு ஏதும் நடக்கப்போகுது,” என்றேன்.

“கையில குடுத்திருந்தால் அந்தப் பெடியனும் நானும் காலத்துக்கும் பகைகாரர் பிள்ளை. இப்ப பாருங்கோ, ஒரு வில்லங்கமுமில்லை.”

அன்றைக்குப் பின்னேரமே நான் பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் ஒரு வில்லுக்கத்தி வாங்கினேன். சிவப்புப் பிளாஸ்டிக் பிடி. அவ்வளவு மலிவு, காலைச் சாப்பாட்டுக்கு ஒரு றாத்தல் பாண் வாங்குகிற யோசனைகூட அதற்குத் தேவைப்படவில்லை. அடுத்த நாள் மதியம் கந்தோர் முன்னால் மாங்காய்ப் போட்டி வைத்தோம். என்னுடையது மாங்காயைச் சீராக வெட்டியது. அவருடையது போட்டிக்கே வரவில்லை, மாங்காய்ப் பால் அலகைக் கறுப்பாக்கும் என்று பையிலேயே இருந்துவிட்டது. வராதவர் தோற்றவர் என்று தீர்ப்புச் சொன்னோம். எங்கள் ஊர் வீதிகளில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வந்து தோலைத் தின்றுவிட்டுப் போனது. அதுவும் எங்கள் பக்கம்தான் என்று பெடியள் கத்தினார்கள்.

வில்லுக்கத்தியார் உப்பும் தூளும் தொட்டு, நான் வெட்டிய மாங்காயை ஆறுதலாகச் சாப்பிட்டார்.

“மாங்காய் சும்மா நிக்கும் பிள்ளை,” என்றார். “ஓடுறதை வெட்டேக்கதான் கத்தி தெரியும்.”

சிவப்புக் கத்தியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அது அங்கேயே கிடந்தது, பனடோல், பிளாஸ்டர், மகளுடைய மாற்றுச் சொக்ஸ் எல்லாவற்றோடும்.

ஆவணி லீவு வந்தது. வீட்டில் ஆளில்லாததால் ஆரணி என்னோடு கந்தோருக்கு வரத் தொடங்கினாள். வயது பதினாலு. இரண்டு நாள் கதிரையில் சுழன்றாள். மூன்றாம் நாள் கப்பலைக் கிட்டப் பார்க்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். நான் ஏலாது என்றேன். அவள் சாப்பிட மாட்டேன் என்றாள். வில்லுக்கத்தியார் இடையில் வந்து, உள்துறைமுகம்தானே, தட்டில் ஊத்தின தண்ணீர் மாதிரித்தானே கிடக்கிறது, தானும் போட்டில் போகிறேன், விடுங்கோ என்றார். நானும் ஏறுவதென்றால் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஏறுமுன் என்னென்ன செய்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. ஆரணிக்கு மிதவைச் சட்டையைப் போட்டு அதன் நாடாவுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டேன். தொப்பியை ஊசியால் தலைமயிரோடு சேர்த்துக் குத்தினேன். வாந்திக் குளிசை கொடுத்தேன். கழுத்தில் ஒரு விசில் கட்டினேன். தலையிலிருந்து இடுப்புவரை கடலுக்கு இடமே வைக்கவில்லை. கால் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

போட்டை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ரபீக் நானா. நடுவில் வெங்காயச் சாக்குகள் ஆளுயரத்துக்கு. பின்னால் எஞ்சினோடு அவர், முன்பக்கத்து அணியத்தில் நாங்கள் மூன்று பேர். கப்பலைக் கிட்டியபோது, பாரந்தூக்கி இன்னும் ஓயவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று மேலேயிருந்து கை காட்டினார்கள். ரபீக் நானா முன்னால் வந்து போட்டைச் சின்ன மிதவையொன்றில் கட்டிவிட்டு, மிச்சக் கயிற்றைச் சுருளாக அணியத்தில் விட்டுவிட்டு, எஞ்சினுக்குத் திரும்பிப் போனார். ஆரணி முன்னால் நின்று கப்பலைப் படமெடுத்தாள். பின்னேரக் கச்சான் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. தொப்பி போய்விடும் என்று நான் அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் இழுவைப் படகொன்று எங்களைக் கடந்து போனது. அதன் அலை வந்து எங்கள் போட்டைத் தூக்கிப் பின்னால் தள்ளியது. சுருளாய்க் கிடந்த கயிறு சரசரவென்று வெளியே ஓடியது. ஓடின கயிற்றின் நடுவில் என் மகளின் கால் நின்றது.

அவள் விழுந்தது எனக்கு நினைவில்லை. அணியத்து இரும்பு வளையத்தோடு அவளுடைய கணுக்கால் ஒட்டிக்கிடந்ததுதான் நினைவு. அலை போய்விட்டது, ஆனால் காற்று விடவில்லை. பாரம் ஏற்றிய போட்டை அது பின்னால் பின்னால் இழுக்க, கயிறு இரும்புக் கம்பி மாதிரி நிமிர்ந்து நின்று முனகியது. “அம்மா” என்றாள். கத்தவில்லை. தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் என்னை இன்னும் விடவில்லை.

வில்லுக்கத்தியார் அவளுக்குப் பின்னால் பாய்ந்து உட்கார்ந்து, அக்குளுக்குள்ளால் கையைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு காலையும் போட்டின் பக்கங்களில் உதைத்துக்கொண்டார். அவர் விட்டால் அவள் காலோடு வெளியே போவாள்.

“நான் பிடிச்சிருக்கிறன். கயித்தைப் பாருங்கோ பிள்ளை.”

நான் முடிச்சைத் தேடினேன். நகம் பிய்ந்தது. சாக்குகளுக்கு அந்தப் பக்கம் ரபீக் நானா எஞ்சினை இழுக்கிற சத்தம் கேட்டது. போட்டு ஒரு முழம் முன்னால் போனால் கயிறு தளரும். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை.

“வெட்டுங்க மிஸ், கயித்த வெட்டுங்க,” என்றார் அவர்.

கைப்பையைக் கவிழ்த்தேன். பனடோலும் பிளாஸ்டரும் கொட்டுண்டன. சிவப்புப் பிடி கையில் வந்தது. விரித்து வைத்து அறுத்தேன். நைலோன் கயிறு என் மணிக்கட்டு மொத்தம். மேலே கொஞ்சம் நார் பிரிந்தது, அவ்வளவுதான். உடம்பு முழுவதையும் சாய்த்து அமத்தினேன். கத்தி மடிந்து என் சுட்டுவிரலில் விழுந்தது. ஆணி கழன்று அலகு ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமுமாய்ப் போனது. இரத்தத்தில் கயிறு வழுக்கியது. ஆரணியின் கால்விரல்கள் வெள்ளையாகிக்கொண்டிருந்தன.

“அண்ணை, கத்தி,” என்றேன்.

அவர் ஒரு கையை விடுவித்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து துணியோடு எடுத்தார். பெருவிரலால் தட்டினார். டக். நான் கையை நீட்டினேன்.

அவர் அந்தக் கத்தியைக் கொண்டுவந்து எங்களுக்கு நடுவிலிருந்த பலகையில் வைத்தார். கையை எடுத்தார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

“எடுங்கோ,” என்றார்.

பழக்கம் என்பது எவ்வளவு பயங்கரமான சாமான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. என் மகளுடைய பாரம் முழுவதையும் ஒற்றைக் கையில் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த மனிதரின் மற்றக் கை தானாகவே தன் சட்டத்தைச் செய்தது. அந்த நொடியில் போட்டு சரிந்தது. விரித்த கத்தி நனைந்த பலகையில் மெல்ல வழுக்கத் தொடங்கியது. நான் எட்டினேன். என் இரத்த விரல்கள் பிடியைத் தட்டிவிட்டன. அது இன்னும் வேகமாய் விளிம்புக்குப் போனது. ஒரு முழு மோட்டார் சைக்கிள் கடலுக்குள் போகப் பார்க்கிறது என்று எங்கோ மூளையின் ஒரு மூலை நினைத்தது. அதைத் தவிர வேறொன்றும் நினைக்க எனக்குத் தைரியமில்லை.

அவர் திரும்பிப் பார்த்து, உள்ளங்கையால் அதன்மேல் அடித்துப் பிடித்தார். பிடித்தது அலகில். ஒரு மாங்காயைக்கூட வெட்டாத அந்தக் கத்தி, முதன்முதலில் வெட்டியது அவரைத்தான்.

கையிலிருந்து வழிந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அது இரத்தத்துக்கான பயமும் இல்லை, கடலுக்கான பயமும் இல்லை.

“கையை நீட்டுங்கோ பிள்ளை,” என்றார். “வாறது வரட்டும்.”

பிடியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடிவிட்டார்.

அமத்தினேன். மடியவில்லை. இழுத்தேன். கயிறு பாதி விட்டது. இன்னொரு இழுவை. துவக்குச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது, போட்டு பின்னால் பாய்ந்தது, நான் வெங்காயச் சாக்கில் போய் விழுந்தேன். என் கை திறந்திருந்தது. கத்தி வெயிலில் ஒருமுறை மின்னியதை மட்டும் கண்டேன். தண்ணீரில் விழுந்த சத்தம்கூட வரவில்லை.

“விரலை ஆட்டு,” என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். “ஆடுது அம்மா, ஆடுது,” என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். வில்லுக்கத்தியார் அவளை விடவேயில்லை. ரபீக் நானா சாக்குகளுக்கு மேலால் ஏறி வந்து, “மாஸ்டர், புள்ளைக்கு ஒண்டுமில்ல, கைய எடுங்க,” என்று அவருடைய விரல்களை ஒவ்வொன்றாய்க் கழற்ற வேண்டியிருந்தது.

கரைக்கு வரும் வழியில்தான் பார்த்தேன். ரபீக் நானாவின் எஞ்சினுக்குக் கீழே, துருப்பிடித்த மீன்கத்தி ஒன்று, சைக்கிள் ரியூப் சுற்றிய பிடியோடு கிடந்தது. இது எந்தக் கயிற்றையும் வெட்டும் என்றார். இதை ஏன் அப்போதே எங்கள் பக்கம் எறிந்து தரவில்லை என்று கேட்டேன்.

“வில்லுக்கத்தி மாஸ்டர் இரிக்கிற போட்டுல நான் எதுக்கு மிஸ் கத்தி தேடுற?”

துறைமுகம் முழுவதும் ஒருநாளும் வெட்டாத ஒரு கத்தியை அவ்வளவுக்கு நம்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு தப்பியது. தோலும் சதையும்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு எங்கள் இருவருக்கும் தையல் போட்டார். என் விரல் காயத்தைப் பார்த்து முகம் சுளித்தார், பிய்ந்து கிடக்கிறது, என்ன துருக்கத்தி இது என்றார். வில்லுக்கத்தியாரின் உள்ளங்கையைத் திருப்பினார். வெட்டு ஒரு கோடு மாதிரி நேராக இருந்தது.

“இது நல்ல கத்தி,” என்றார் டாக்டர்.

ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு மனிதரின் முகம் அப்படி மலர்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. “பிள்ளைக்கும் சொல்லுங்கோ டொக்டர்,” என்றார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது கத்தியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். விழும்போது விரிந்திருந்ததா, மடிந்திருந்ததா?

விரிந்திருந்தது என்றேன்.

“பாவம், மீனுக்கு வெட்டப்போகுது,” என்றார்.

அதே மாதிரிக் கத்தி ஒன்றை எப்பாடு பட்டாவது வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துத் தருகிறோம் என்று என் கணவரும் நானும் கேட்டுப் பார்த்தோம். வேண்டாம் என்றுவிட்டார். “அது ஒருக்கா வெட்டிட்டுது. காணும்.” கந்தோரில் பட்டிமன்றம் மட்டும் ஓயவில்லை. ஒரு வெட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளா, இது என்ன பெறுமதி என்கிறது ஒரு கட்சி. ரபீக் நானாவின் மீன்கத்தியே போதும் என்கிறது இன்னொன்று. என்னிடம் கேட்டால் நான் எழும்பிப் போய்விடுவேன். அந்த வெட்டுக்கு என்னால் விலை சொல்ல ஏலாது. சிவப்புப் பிடியை மட்டும் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன், அலகில்லாமல். மலிவு என்று எதையாவது வாங்கக் கை போனால் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் அவருக்குக் கவலை கத்தியில் இல்லை. கத்தியைக் கைக்குக் கை தந்துவிட்டாரல்லவா.

அடுத்து வந்த ஞாயிறு சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். ஆரணியின் காலைப் பார்த்தார். மீன்குழம்போடு சோறு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, திடீரென்று, குழம்பில் புளி கூட, இப்படிச் சமைத்தால் மனுசர் சாப்பிடுவினமோ என்று சத்தம் வைத்தார். நான் திகைத்துப்போனேன். அண்ணை, உங்களுக்கு என்ன நடந்தது என்றேன்.

“திருப்பிப் பேசுங்கோ பிள்ளை,” என்று குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். “பெரிய பகை ஒண்டு வரப் பாத்துக்கொண்டிருக்குது. சின்னச் சின்னதாய்ப் பிடிச்சுத் தீத்துப்போடுவம்.”

அன்றைக்குத் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் வந்து எங்களோடு சண்டை பிடிக்கிறார். கேற்றுக்கு எண்ணெய் விடவில்லை என்று ஒரு கிழமை. கோடியில் நிற்கிற முருங்கை வளைந்து போகிறது என்று ஒரு கிழமை. கிரிக்கெட் அணியிலிருந்து யாரைத் தூக்கியிருக்க வேண்டும் என்று ஒரு கிழமை. எனக்குக் கோபம் வராத நாட்களில் ஆரணி எனக்குச் சொல்லித் தருகிறாள். “அம்மா, மாமா கூரையைக் குறை சொல்லியாச்சு, நீங்கள் அவற்ற சைக்கிள் பெல்லைச் சொல்லுங்கோ.” சண்டை முடிந்ததும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, இந்தக் கிழமைக்குச் சரி என்று சைக்கிளை எடுப்பார். கை தன்பாட்டில் சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கும். வெறும் பை. ஆனாலும் அதே குரலில் “இருக்குது” என்று சொல்லிக்கொண்டு போவார்.

போன ஞாயிறு ஆளைக் காணவில்லை. மத்தியானம் தாண்டியது. சோறு ஆறியது. ஆரணி ஜன்னலைப் பார்ப்பதும் நான் கேற்றைப் பார்ப்பதுமாக இருந்தோம். கடைசியில் தொலைபேசி வந்தது. காய்ச்சல், எழும்ப ஏலாமல் இருக்குது, இந்தக் கிழமைச் சண்டை தவறப்போகுது பிள்ளை என்று பயந்த குரலில் சொன்னார்.

கஞ்சி காய்ச்சிப் போத்தலில் விட்டுக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். போர்வைக்குள் கிடந்தார். மருந்து எடுத்தீர்களா என்றேன், இல்லை என்றார். வாசலில் நின்றபடியே நான் தொடங்கினேன். காய்ச்சலோடு மருந்தில்லாமல் கிடக்கிற மனிதரை, வயதுக்கு அறிவில்லாதவரை, சொல்லாமல் கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமையைப் பாழாக்குகிறவரை என்னென்ன பேசலாமோ அத்தனையும் பேசினேன். அது நடிப்பில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய ‘டக்’ சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரித் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முடித்ததும் கஞ்சிப் போத்தலை வாங்கக் கையை நீட்டினார். உள்ளங்கையில் அந்த நேர்க்கோடு வெளுத்துத் தெரிந்தது.

“நல்ல சண்டை,” என்றார். “ஆனால் பகை இன்னும் முழுக்கத் தீரேல்லைப் பிள்ளை.”

தீரவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, போத்தலை அவருடைய கையிலேயே கொடுத்தேன்.